மூன்று குமிழும் ஒன்றையொன்று இழுக்காத ஈக்யூ: மிக்ஸருக்கு ஒரு அனலாக் பேரமெட்ரிக் சர்க்யூட்

ஒலியின் அதிர்வெண் பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்குவது ஈக்யூ, அதாவது ஈக்வலைசர். அதன் முன்தகட்டில் 'பேரமெட்ரிக்' என்று அச்சடித்துவிட்டால் மட்டும் அது பேரமெட்ரிக் ஆகிவிடாது. சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒரு பேண்டில் (அதிர்வெண் பட்டையில்) 10 டெசிபல் ஏற்றி வைத்துவிட்டு, அந்த ஏற்றத்தின் கூர்மையை மாற்றும் க்யூ குமிழை மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் திருப்புங்கள். வளைவில் எழும் மேட்டின் அகலம் மட்டும் மாறி உயரம் அசையாமல் நின்றால் சர்க்யூட் சரி. அகலத்தோடு உயரமும் ஏறி இறங்கினால், மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் ஒரு குமிழைத் தொட்டுவிட்டு இன்னொன்றைச் சமாதானப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கச்சேரி நடுவில் யாருக்கும் அதற்கு நேரம் கிடையாது.

அதிர்வெண், அகலம், உயரம் என மூன்றுக்கும் தனித்தனிக் குமிழ், ஒன்று மற்றதைத் தொடக்கூடாது என்பதுதான் 1972-இல் ஜார்ஜ் மாசன்பர்க் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி மாநாட்டில் முன்வைத்த கட்டுரையின் சாரம். 'பேரமெட்ரிக்' என்ற பெயர் நிலைத்ததும் அதன் பிறகுதான். இந்தப் பதிவில் ஒரு பேண்டை முழுதாக வடிவமைத்துப் பார்ப்போம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மதியம் அலைந்தால் கிடைத்துவிடுகிற பாகங்கள்தான். பேண்டுக்கு ஐந்து ஆப்-ஆம்ப் (ஐசிக்குள் இருக்கும் பெருக்கி) செலவாகும். குறைத்தும் செய்யலாம், குறைத்தால் எது போகும் என்பதையும் வழியில் சொல்கிறேன்.

ஏற்றி இறக்கும் வளையம்

பலரும் ஃபில்டரிலிருந்து தொடங்குவார்கள். நான் வளையத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். ஈக்யூவின் ஒழுங்கு, இரைச்சல் இரண்டையும் தீர்மானிப்பது அதுதான்.

ஒரு ஆப்-ஆம்ப், இன்வெர்ட்டிங் முறையில், அதாவது சிக்னலைத் தலைகீழாக்கும் முறையில். உள்வரும் சிக்னல் 10 கிலோ ஓம் வழியாக மைனஸ் காலுக்கு வருகிறது. வெளியீட்டிலிருந்து இன்னொரு 10 கிலோ ஓம் அதே காலுக்குத் திரும்புகிறது. பிளஸ் கால் கிரவுண்டில். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் குறுக்கே 10 கிலோ ஓம் லீனியர் பாட் (திருப்பத்துக்குச் சமவிகிதத்தில் மாறும் பொட்டென்ஷியோமீட்டர்). அதுதான் ஏற்ற இறக்கக் குமிழ். அதன் நடுக்கால், அதாவது வைப்பர், ஃபில்டருக்குப் போகிறது. ஃபில்டரின் வெளியீடு 2.2 கிலோ ஓம் வழியாக அதே மைனஸ் காலில் வந்து சேர்கிறது. வளையம் இவ்வளவுதான். பீட்டர் பாக்ஸாண்டல் 1952-இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட டோன் கன்ட்ரோலின் வம்சத்தைச் சேர்ந்தது இது.

குமிழ் நடுவில் இருக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெளியீடு உள்ளீட்டுக்குச் சமம், ஆனால் தலைகீழ். இரண்டுக்கும் சரிபாதியில் நிற்கும் வைப்பரில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம். ஃபில்டருக்குள் சிக்னலே போவதில்லை. அதிர்வெண்ணும் க்யூவும் எங்கே இருந்தாலும் கோடு தட்டையாகவே இருக்கும். ஏற்றும் முனையில் ஃபில்டர் உள்ளீட்டைக் கேட்கிறது. மைய அதிர்வெண்ணில் கெயின் (பெருக்கம்) 1 + 10/2.2, அதாவது 5.55 மடங்கு, 14.9 டெசிபல். இறக்கும் முனையில் ஃபில்டர் வெளியீட்டைக் கேட்கிறது, அதே 14.9 டெசிபல் குறையும். ஏற்றமும் இறக்கமும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருக்கும்.

இரண்டு 10 கிலோ ஓமும் 1 சதவீத மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும். அவற்றுக்குள் 1 சதவீத வித்தியாசம் இருந்தால் மொத்த கெயினில் 0.09 டெசிபல் பிழை. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தட்டையான நிலையைக் கெடுப்பது பெரும்பாலும் பாட்தான். நடுவில் 'டக்' என்று நிற்கும் பாட்டில், அந்த டக் விழும் இடம் மின் கணக்கில் சரிபாதியாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. 3 சதவீதம் தள்ளி விழுந்தால் மைய அதிர்வெண்ணில் சுமார் 0.7 டெசிபல் ஏறியோ இறங்கியோ நிற்கும். ஒரு சேனலின் நான்கு பேண்டிலும் இது நடந்தால் 'ஃப்ளாட்' என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை. ஈக்யூவை மொத்தமாக வெளியே எடுக்கும் ஸ்விட்ச் அலங்காரத்துக்கு வைப்பதல்ல.

ஃபில்டர்: க்யூவைத் தனியே பிரிப்பது

ஸ்டேட் வேரியபிள் ஃபில்டர் 1967-இல் கெர்வின், ஹுயல்ஸ்மன், நியூகோம் மூவரும் எழுதியது. மூன்று ஆப்-ஆம்ப்: ஒன்று கூட்டும், இரண்டு இன்டக்ரேட்டர்கள். ஹை-பாஸ் (மேல் அதிர்வெண்கள்), பேண்ட்-பாஸ் (நடுப் பட்டை), லோ-பாஸ் (கீழ் அதிர்வெண்கள்) மூன்றும் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடத்தில் கிடைக்கும். நமக்கு வேண்டியது பேண்ட்-பாஸ்.

இணைப்பை நிதானமாகப் படியுங்கள், தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. கூட்டும் ஆப்-ஆம்பின் மைனஸ் காலுக்கு மூன்று ரெசிஸ்டர்: தன் வெளியீட்டிலிருந்து 10 கிலோ ஓம், லோ-பாஸிலிருந்து 10 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓம். பிளஸ் காலுக்கும் மூன்று: ஃபில்டருக்குள் வரும் சிக்னலிலிருந்து 10 கிலோ ஓம், பேண்ட்-பாஸிலிருந்து 10 கிலோ ஓம், கிரவுண்டுக்கு க்யூ குமிழ். அந்தக் குமிழ் 10 கிலோ ஓம் லாக் பாட் (முதலில் மெல்ல, பிறகு வேகமாக ஏறும் வகை). அதோடு தொடரில் 560 ஓம்.

பழைய வரைபடங்கள் பலவற்றில் உள்வரும் சிக்னல் மைனஸ் காலில் நுழையும். அப்படி நுழைந்தால் பேண்ட்-பாஸின் உச்சம் க்யூவோடு சேர்ந்து ஏறும். க்யூ 0.7-இலிருந்து 4.8-க்குப் போனால் உச்சம் 16.6 டெசிபல் உயர்ந்துவிடும். முதல் பத்தியில் சொன்ன சோதனையில் தோற்கும் ஈக்யூக்களில் இதைத்தான் முதலில் தேட வேண்டும். உள்வரும் சிக்னலும் பேண்ட்-பாஸும் சமமான ரெசிஸ்டர் வழியாக ஒரே பிளஸ் காலில் சேர்ந்தால், க்யூ குமிழ் இரண்டையும் ஒரே அளவில் குறைக்கிறது. டாம்பிங் (அதிர்வை அடக்கும் பேண்ட்-பாஸின் பங்கு) எவ்வளவு குறைகிறதோ, உள்ளே வரும் சிக்னலும் அவ்வளவே குறைகிறது. க்யூ எதுவாக இருந்தாலும் உச்சத்தின் கெயின் 1. ஒரு ரெசிஸ்டரை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிய அளவுதான் வேலை.

க்யூவின் கணக்கு: 10 கிலோ ஓமைக் குமிழின் மொத்த ரெசிஸ்டன்ஸால் வகுத்து, 2 கூட்டி, 4.13-ஆல் வகுக்க வேண்டும். குமிழ் பூஜ்யத்தில் 560 ஓம் மட்டும் நிற்கும்போது க்யூ 4.8. முழுதும் திருப்பினால் 10.56 கிலோ ஓம், க்யூ 0.71. லாக் பாட் பாதித் திருப்பத்தில் சுமார் 15 சதவீதம் காட்டும் என்று வைத்தால் நடுவில் க்யூ 1.66. காதுக்கு இது சீரான பரவல். லீனியர் பாட் போட்டால் பாதித் திருப்பத்திலேயே க்யூ 0.9-க்கு வந்துவிடும், கூர்மையான அளவுகள் எல்லாம் இடது முனையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். லாக் பாட்டை இப்படி இணைத்தால் இடப்பக்கம் குறுகல், வலப்பக்கம் அகலம். முன்தகட்டில் 'க்யூ' என்று எழுதாமல் 'அகலம்' என்று எழுதிவிட்டால் திசை சரியாகிவிடும்; ரிவர்ஸ் லாக் தேடி அலைய வேண்டாம்.

பாட் மேல் போட்டிருக்கும் எழுத்தை நம்பி வாங்காதீர்கள். இப்போது வருபவற்றில் பி என்றால் லீனியர், ஏ என்றால் லாக். பழைய ஐரோப்பியச் சரக்கில் ஏ என்றால் லீனியர். குமிழைப் பாதியில் நிறுத்தி மல்டிமீட்டரை வையுங்கள்: 50 சதவீதம் காட்டினால் லீனியர், 10 முதல் 20 காட்டினால் லாக்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. பேண்ட்-பாஸ் தலைகீழாக வருகிறது. வளையத்துக்கு நேராக வேண்டும். எனவே வைப்பருக்கும் ஃபில்டருக்கும் நடுவில் ஒரு இன்வெர்ட்டர், 10 கிலோ ஓமுக்கு 10 கிலோ ஓம். ஐந்தாவது ஆப்-ஆம்ப் இதற்குத்தான். அது வைப்பரைக் கொஞ்சம் இழுக்கும், ஆனால் இரு பக்கமும் சமமாக இழுப்பதால் நடுநிலை கெடாது. 5 டெசிபல் ஏற்றம், நடுவிலிருந்து முனைவரையான திருப்பத்தில் 43 சதவீதத்திலும், 10 டெசிபல் 77 சதவீதத்திலும் வரும். முன்தகட்டில் கோடு போடுபவருக்கு இது வசதி.

இந்த இன்வெர்ட்டரை மறந்தாலோ, தெரியாமல் கூடுதலாக ஒன்று போட்டாலோ வளையம் ஆஸிலேட்டர் ஆகிவிடும். குமிழ் நடுவில் இருக்கும்போதே ஊளையிடும். அதிர்வெண் குமிழைத் திருப்பினால் ஊளையின் சுருதியும் கூடவே நகரும். அப்படி நகர்ந்தால் திசைப் பிழை என்று உறுதி. நகராமல் ஆசிலாஸ்கோப்பில் தடித்த பட்டையாக மெகா ஹெர்ட்ஸில் ஏதாவது தெரிந்தால் அது லே-அவுட் தகராறு, அதைப் பிறகு பார்ப்போம்.

அதிர்வெண் குமிழ்

அதிர்வெண்ணை மாற்ற இரண்டு இன்டக்ரேட்டரின் ரெசிஸ்டரையும் ஒன்றாக மாற்ற வேண்டும். டூயல் கேங் பாட் (ஒரே தண்டில் இரண்டு தடம்) தேவை. அதைத் தொடர் ரெசிஸ்டராகப் போட்டால் ரிவர்ஸ் லாக் டூயல் கேங் வேண்டும். கடையில் எப்போதும் இருக்காது. பதிலாக வோல்டேஜ் டிவைடராகப் போடுங்கள். ஹை-பாஸ் வெளியீடு 10 கிலோ ஓம் லாக் பாட்டின் மேல் காலுக்கு. கீழ்க்காலிலிருந்து 560 ஓம் கிரவுண்டுக்கு. வைப்பரிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக இன்டக்ரேட்டரின் மைனஸ் காலுக்கு. பேண்ட்-பாஸுக்கும் இரண்டாவது இன்டக்ரேட்டருக்கும் நடுவே இதே அமைப்பு, இரண்டாவது கேங். சாதாரண லாக் பாட் போதும், வலப்பக்கம் திருப்பினால் அதிர்வெண் ஏறும்.

குமிழ் உச்சியில் இருக்கும்போது அதிர்வெண், 6.283-ஐ ரெசிஸ்டராலும் கெப்பாசிட்டராலும் பெருக்கி 1-ஐ அதனால் வகுத்தால் வரும் எண். 10 கிலோ ஓம், 2.7 நானோ ஃபாரட் என்றால் 5.9 கிலோ ஹெர்ட்ஸ். அடியில் டிவைடர் 0.053, வைப்பரின் சொந்த ரெசிஸ்டன்ஸையும் சேர்த்துக்கொண்டால் 300 ஹெர்ட்ஸுக்கு வரும். பாதித் திருப்பத்தில் ஏறக்குறைய 1 கிலோ ஹெர்ட்ஸ். நான்கு பேண்டுக்கும் ரெசிஸ்டர், பாட் எல்லாம் இதேதான்; கெப்பாசிட்டரை மட்டும் மாற்றுங்கள். லோ பேண்டுக்கு 27 நானோ: 30 முதல் 590 ஹெர்ட்ஸ்; மிருதங்கத்தின் தொப்பி இதற்குள் அடங்கும். லோ-மிட்டுக்கு 8.2 நானோ: 98 முதல் 1,940 ஹெர்ட்ஸ். ஹை-மிட்டுக்கு மேலே சொன்ன 2.7 நானோ. ஹை பேண்டுக்கு 1 நானோ: 800 ஹெர்ட்ஸ் முதல் 15.9 கிலோ ஹெர்ட்ஸ். 2.7 நானோ கிடைக்காமல் 2.2 நானோ மட்டும் இருந்தால் இன்டக்ரேட்டர் ரெசிஸ்டரை 12 கிலோ ஓம் ஆக்குங்கள். 2 சதவீதம்தான் வித்தியாசம்.

கெப்பாசிட்டர் 5 சதவீத பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன். 1 நானோவுக்கு என்பிஓ செராமிக்கும் நல்லதே. எக்ஸ்7ஆர் வகை செராமிக் வேண்டாம்: அதன் மதிப்பு அதன் குறுக்கே நிற்கும் வோல்டேஜோடு சேர்ந்து ஆடும், ஃபில்டருக்குள் அது நேரடியான டிஸ்டார்ஷன். சென்னை வெயிலில் அதிர்வெண் நகர்ந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பாலியெஸ்டர் ஒரு டிகிரிக்குச் சுமார் 400 பிபிஎம் நகரும். 20 டிகிரி ஏறினாலும் 1 சதவீதத்துக்குள். அதைக் கண்டுபிடிக்கும் காது யாருக்கும் கிடையாது.

டூயல் கேங் லாக் பாட்டின் இரண்டு தடங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நடுப்பகுதியில் 20 சதவீத வித்தியாசம் சகஜம். வீன் பாலம் வைத்த மலிவான 'ஸ்வீப் மிட்' சர்க்யூட்டில் இந்த வித்தியாசம் உச்சத்தின் உயரத்தையே மாற்றும். குமிழைத் திருப்பும்போது மேடு அலைபாயும். நம் சர்க்யூட்டில் உயரம் அசையாது. க்யூ மட்டும், வித்தியாசத்தின் வர்க்கமூலம் அளவுக்கு, 10 சதவீதம்போல் நகரும். ஐந்து ஆப்-ஆம்ப் செலவழித்ததற்கு இதுவும் ஒரு பலன்.

டிவைடர் முறையின் குறையையும் சொல்லியாக வேண்டும். இன்டக்ரேட்டரின் ஆஃப்செட் எதுவாக இருந்தாலும் அது 0.053-ஆல் வகுபட்டு முன்னால் தெரியும். என்இ5532 என்ற ஆப்-ஆம்ப் ஐசியின் இன்புட் பயஸ் கரன்ட், அதாவது அதன் உள்ளீட்டுக் காலில் ஓடும் சிறு கரன்ட், 200 நானோ ஆம்பியர். 10 கிலோ ஓமில் 2 மில்லிவோல்ட். குமிழ் அடியில் இருக்கும்போது அது ஹை-பாஸ் வெளியீட்டில் 38 மில்லிவோல்ட் டிசி. குமிழைத் திருப்பினால் இந்த டிசி மாறும், கரகரவென்று கேட்கும். டிஎல்072 போட்டால் பயஸ் கரன்ட் இல்லாமலே போய்விடும், சரியாகிவிடும் என்பார்கள். அதன் ஆஃப்செட் வோல்டேஜ் 3 மில்லிவோல்ட், அதே 0.053-ஆல் வகுத்தால் 57. வியாதி மாறியதே தவிர குணமாகவில்லை. இன்டக்ரேட்டருக்கு ஓபிஏ2134 போட்டால் 10 மில்லிவோல்ட்டுக்குள் அடங்கும். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் 5532-ஐயே வைத்துக்கொண்டு, பேண்ட்-பாஸுக்கும் 2.2 கிலோ ஓமுக்கும் நடுவில் 47 மைக்ரோ பைபோலார் எலக்ட்ரோலிட்டிக் போடுங்கள். 1.5 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டும், 30 ஹெர்ட்ஸ் பேண்டை அது தொடாது. ஓபிஏ2134 போட்டாலும் இந்தக் கெப்பாசிட்டரை விட்டுவிடாதீர்கள்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது

வளையத்தின் மைனஸ் காலில் 10, 10, 2.2 கிலோ ஓம் மூன்றும் சேர்கின்றன. அந்த ஆப்-ஆம்பின் சொந்த இரைச்சல் 6.55 மடங்கு, அதாவது 16 டெசிபல் பெருகி வெளியே வரும். குமிழ் நடுவில் இருந்தாலும் இதுதான் கதி; மைய அதிர்வெண்ணுக்கு அருகில் மட்டும் கொஞ்சம் தணியும். 5532-இன் 5 நானோ வோல்ட்டையும் ரெசிஸ்டர்களின் சொந்த இரைச்சலையும் சேர்த்து 20 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்கிட்டால், வளையத்தின் ஆப்-ஆம்பிலிருந்து மட்டும் பேண்டுக்கு மைனஸ் 101 டிபியு (0.775 வோல்ட்டைப் பூஜ்யமாக வைத்த டெசிபல்). 18 நானோ வோல்ட் டிஎல்072 என்றால் மைனஸ் 93. நான்கு பேண்ட் தொடரில் நின்றால் இன்னும் 6 டெசிபல். 24 சேனல் பஸ்ஸில், அதாவது எல்லாம் ஒன்றுகூடும் தடத்தில், சேர்ந்தால் மேலும் 14 டெசிபல். அமைதியான ஆலாபனையின் நடுவில் ஹிஸ் கேட்கும் மிக்ஸர்களுக்கு இந்தக் கூட்டல்தான் விளக்கம்.

15 டெசிபல் உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். 2.2 கிலோ ஓமை 3.3 ஆக்கினால் எல்லை 12 டெசிபல். இரைச்சல் 2 டெசிபல்போல் குறையும். நேரடிக் கச்சேரிக்கு 12 போதும் என்பது என் கட்சி. 15 ஏற்ற வேண்டிய நிலை வந்தால் மைக்கை நகர்த்துவது நல்லது.

ஹெட்ரூம், அதாவது சிக்னல் வெட்டுப்பட்டு கிளிப் ஆகும்வரை மிச்சமுள்ள இடத்தின் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். பிளஸ் மைனஸ் 15 வோல்ட் சப்ளையில் 5532 உச்சத்துக்கு உச்சம் 26 வோல்ட் தரும், 21.5 டிபியு. சேனலின் உள் மட்டம் பிளஸ் 4 டிபியு என்று வைத்து 15 ஏற்றினால் 2.5 டெசிபல்தான் மிச்சம். உள் மட்டத்தை மைனஸ் 2 டிபியுவில் வைத்தால் 8.5 மிஞ்சும். ஃபில்டருக்குள்ளே கவனிக்க வேண்டியது குறைந்த க்யூ. பொதுவாகக் கூர்மையான க்யூதான் முதலில் கிளிப் ஆகும் என்று நினைப்போம். இந்த அமைப்பில் நேர்மாறு. க்யூ 0.71-இல் ஹை-பாஸ் வெளியீடு உள்ளே வருவதைவிட 3 டெசிபல் உயரமாக நிற்கும்.

பேண்டுக்கு ஐந்து, நான்கு பேண்டுக்கு இருபது ஆப்-ஆம்ப், பத்து ஐசி. 5532 ஒன்று 8 மில்லி ஆம்பியர் குடிக்கும். சேனலுக்கு 80 மில்லி ஆம்பியர், 24 சேனலுக்கு பிளஸ், மைனஸ் சப்ளைத் தடம் ஒவ்வொன்றிலும் 1.92 ஆம்பியர். ஈக்யூ மட்டுமே 58 வாட் சூடு. கத்திரி வெயிலில், காற்று போகாத பெட்டிக்குள், ஒற்றை 7815 ரெகுலேட்டர் இதைத் தாங்காது. எட்டு சேனலுக்கு ஒரு ஜோடி 7815, 7915 என்று பிரித்து, ஹீட் சிங்கை மிக்ஸர் உடலுக்கு வெளியே உள்ள சப்ளைப் பெட்டியில் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரும் அங்கேயே இருந்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம் தொல்லையும் குறையும்.

இந்த 8 மில்லி ஆம்பியருக்கு இன்னொரு பயன் உண்டு. எங்கே வாங்கினாலும், வாங்கிய 5532-ஐ ஒரு சாக்கெட்டில் போட்டு கரன்ட் அளந்து பாருங்கள். 3 மில்லி ஆம்பியருக்குக் கீழே நின்றால் அது மேலே பெயர் மாற்றி எழுதிய 4558-ஆக இருக்க வாய்ப்பு அதிகம்.

முன்தகட்டு க்யூவும் உண்மை க்யூவும்

4.8 என்று கோடு போட்டோமே, அது முழு ஏற்றத்தில் மட்டும்தான் உண்மை. குமிழை நடுவை நோக்கிக் கொண்டுவரும்போது வளையமே மேட்டை அகலப்படுத்துகிறது. 10 டெசிபல் ஏற்றத்தில் க்யூ 3.3, 5 டெசிபலில் 2.3. மெல்ல ஏற்றினால் அகலமாக, அழுத்தி ஏற்றினால் கூர்மையாக. குரலுக்கும் வயலினுக்கும் இது பிடித்தமான குணம்தான். எல்லா ஏற்றத்திலும் ஒரே க்யூ நிற்க வேண்டும் என்றால் வளையத்தையே மாற்ற வேண்டும்.

ஆனால் சபாவில் ஊளையிடும் ஃபீட்பேக்கைப் பிடிக்க இதை நம்பாதீர்கள். ஒன்றாம் கட்டை சுருதியில் ஊளை தார ஸட்ஜத்தில், சுமார் 262 ஹெர்ட்ஸில், எழுகிறது என்று வையுங்கள். க்யூவை 4.8-இல் வைத்து அங்கே முழுதும் இறக்கினால் ஸட்ஜம் 14.9 டெசிபல் குறையும். பக்கத்திலுள்ள சுத்த ரிஷபமும் காகலி நிஷாதமும் 13.7 குறையும். சுத்த மத்யமம் 6.4, பஞ்சமமே 4.4 டெசிபல் குறைந்து நிற்கும். 3 டெசிபலுக்கு மேல் அடிபடும் பகுதி ஒன்றரை ஸ்தாயி அகலம்! ஊளை நிற்கும், பாட்டும் ஒடுங்கும். அதற்குத் தனியாக, மிகக் கூர்மையான நாட்ச் ஃபில்டர் வேண்டும். இந்தச் சர்க்யூட்டில் 560 ஓமை 100 ஓமாக்கி க்யூவை ஏற்றி விடலாம் என்ற ஆசை வரும். பாட் கேங் பிழையும் ஆப்-ஆம்பின் தாமதமும் அங்கே பெரிதாகிவிடும். டிஎல்072 வைத்த ஹை பேண்டில் 16 கிலோ ஹெர்ட்ஸ் அருகே க்யூ கணக்கைத் தாண்டி ஏறுவது 4.8-இலேயே தெரியும்.

பலகையும் சோதனையும்

முன்தகட்டிலுள்ள பாட்டுக்கும் பலகைக்கும் நடுவே வயர் ஓடும். ரெசிஸ்டர்கள் எல்லாம் ஆப்-ஆம்பின் காலுக்கு ஒட்டி இருக்க வேண்டும், பாட்டின் காலில் அல்ல. மைனஸ் காலிலிருந்து நேராக ஒரு நீள வயர் கிளம்பினால் அதன் கெப்பாசிட்டன்ஸ் போதும், மெகா ஹெர்ட்ஸ் ஊளைக்கு. வளையத்தின் ஃபீட்பேக் 10 கிலோ ஓமுக்கு இணையாக 47 பிகோ ஃபாரட் போடுங்கள்; 340 கிலோ ஹெர்ட்ஸில் வெட்டும். ஒவ்வொரு ஐசிக்கும் பிளஸ் மைனஸ் சப்ளைக் கால்களுக்குக் குறுக்கே 100 நானோ, ஐசியை ஒட்டி.

எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஒரேயடியாக ஆன் செய்யாதீர்கள். முதலில் 2.2 கிலோ ஓமைச் சால்டர் செய்யாமல் விடுங்கள். வளையத்துக்கு 1 கிலோ ஹெர்ட்ஸ் கொடுத்தால் அதே அளவு தலைகீழாக வர வேண்டும். குமிழை நடுவில் வைத்து வைப்பரை ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள்: ஏறக்குறைய ஒன்றுமே தெரியக்கூடாது. மிகக் குறைந்து நிற்கும் இடம்தான் உண்மையான நடு. டக் விழும் இடத்தோடு அது பொருந்துகிறதா என்று இப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து குமிழை ஏற்றும் முனைக்குக் கொண்டுபோங்கள். இப்போது ஃபில்டர் தனியாக ஓடுகிறது. ஆசிலாஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறையில் வைத்து, வளையத்தின் உள்ளீட்டையும் பேண்ட்-பாஸ் வெளியீட்டையும் கொடுத்து, அதிர்வெண்ணை மெல்ல நகர்த்துங்கள். மைய அதிர்வெண்ணில் நீள்வட்டம் ஒற்றைக் கோடாகச் சுருங்கும். கோடு இடமிருந்து வலம் ஏறினால் திசை சரி. இறங்கினால் இன்வெர்ட்டர் பிழை, 2.2 கிலோ ஓமைப் போடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் நின்றபடி க்யூ குமிழைத் திருப்புங்கள். கோட்டின் நீளம் மாறக்கூடாது. மாறினால் பிளஸ் காலிலுள்ள இரண்டு 10 கிலோ ஓமையும் பாருங்கள். ஒன்றின் இடத்தில் வேறு மதிப்பு உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் முடிந்தபின் 2.2 கிலோ ஓம். சவுண்ட் கார்டும் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் இருந்தால் முழு வளைவையும் திரையில் பார்த்துவிடலாம்.

சால்டர் செய்த ஃப்ளக்ஸை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்கள். நம் ஊர் ஈரத்தில், கடற்காற்றில், மிச்சமிருக்கும் ஃப்ளக்ஸ் பச்சை பூக்க அதிக நாள் ஆகாது. பாட்டும் மூடிய வகையாக இருந்தால் நல்லது. மழைக்காலம் முழுக்கக் கிடங்கில் கிடந்துவிட்டு மார்கழியில் வெளியே வரும் மிக்ஸரில் முதலில் கரகரப்பது திறந்த பாட்கள்தான்.

ஒவ்வொரு பேண்டும் சிக்னலைத் தலைகீழாக்கும் என்பதை மறக்காதீர்கள். நான்கு பேண்ட் தொடரில் இருந்தால் கடைசியில் நேராகிவிடும். மூன்று என்றால் ஆகாது. இரண்டு மைக்கில் ஒரே வீணையை எடுத்து ஒன்றில் மட்டும் ஈக்யூவை உள்ளே விட்டால் ஒன்றையொன்று தின்னும். ஒவ்வொரு பேண்டுக்கும் தனி ஸ்விட்ச் வேண்டும் என்றால் முழு நிலையையும் தாண்டிப் போகும்படி இணைக்காமல், 2.2 கிலோ ஓமை மட்டும் கெப்பாசிட்டர் பக்கம் பிரித்துவிடுங்கள். திசை மாறாது, 47 மைக்ரோ இருப்பதால் ஸ்விட்ச் தட்டும்போது டப் என்ற சத்தமும் வராது. பிரிந்த நிலையில் ரெசிஸ்டருக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவிலுள்ள முனை மிதக்காமல் இருக்க, கெப்பாசிட்டரின் வெளிப்பக்கத்திலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோ ஓம் போட வேண்டும்.